ஒரே நம்பரில் மூன்று பேர்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஆள் எடுக்கிற வேலை எனக்கு. ஆள் எடுப்பது, சேர்ப்பது, ஆதார், பேங்க் புத்தகம், பி.எஃப். காகிதங்களை வாங்கி அடுக்குவது, விலகிப் போகிறவர்களுக்குக் கடிதம் கொடுப்பது எல்லாம் என் பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். வீட்டில் நானும் மகளும்தான்.

நான் சேர்ந்த புதிதில் விண்ணப்பமெல்லாம் காகிதத்தில்தான் வரும். யாருடையது எங்கே இருக்கிறது என்று தேடியே பாதி நாள் போய்விடும். யாரும் கேட்காமல், யாரும் சொல்லித்தராமல், யூடியூபில் பார்த்துப் பார்த்து நானே ஒரு ஆட்டோமேஷன் செய்தேன். வேலைக்கு வருகிறவர்கள் போனிலேயே ஃபார்மை நிரப்ப வேண்டும். அது தானாக ஒரு ஷீட்டில் போய் உட்காரும். வயது, படிப்பு, எந்த ஷிப்ட் என்று தானே பிரித்துக்கொள்ளும். இன்ன தேதிக்கு இன்ன காகிதத்தோடு வாருங்கள் என்று வாட்ஸப்பில் தானே செய்தி அனுப்பும். மேனேஜர் மற்ற மில்காரர்களை என் மேசைக்குக் கூட்டிவந்து காட்டுவார். "இந்தம்மா ஒரே ஆளு, நாலு ஆளு வேலை பாக்குது" என்பார். எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்தப் பெருமையில்தான் கேட்டில் ஒரு போர்டும் வைத்தேன். 'இங்கே விண்ணப்பங்கள் வாங்கப்பட மாட்டாது. போனில் மட்டும்.' கீழே ஸ்கேன் செய்கிற கட்டம். வாசகம் என்னுடையது.

போன வருஷம் அந்த ஆட்டோமேஷன் ஓடுகிற பழைய பிளாட்ஃபார்ம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மாதத்துக்கு இத்தனை வேலைதான் செய்வேன் என்று அதற்கு ஒரு எல்லை உண்டு. மில் பெரிதாகப் பெரிதாக, மாதம் முடிவதற்கு முன்னாலேயே அந்த எல்லை வந்துவிடும். அதன்பிறகு யார் விண்ணப்பித்தாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். கைரேகை வைக்கிற மிஷினோடும் அது பேசாது. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"புதுசு ஒண்ணு பாத்திருக்கோம்மா. எல்லாம் ஒரே இடத்துல வந்துரும். பழசை அப்படியே தூக்கி இதுல போட்டுட்டா முடிஞ்சுது. ஒரு வாரம் போதும்ல?"

"போதும் சார்" என்றேன். ஆனால் அன்றைக்கே எனக்கு நிலைகொள்ளவில்லை. என் அடுப்படிக்குள் வேறு யாரோ வந்து டப்பாக்களை இடம் மாற்றி வைக்கப் போகிறார்கள் என்பதுபோல ஒரு எரிச்சல். பஸ்ஸில் வரும்போதும் போனில் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். வீட்டில் மகள் ஏதோ கேட்டால் இரண்டாவது முறைதான் காதில் விழும்.

புதிய பிளாட்ஃபார்மின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தினமும் காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடுவாள். கறாரானவள், ஆனால் பொறுமைசாலி. முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"மேடம், பழசை அப்படியே தூக்கிப் போட முடியாதுங்க. பழசுல இருக்கற ஒவ்வொரு ரூலையும் ஒரு வாக்கியமா எழுதி அனுப்புங்க. இப்படி இருந்தா இப்படிச் செய், அவ்வளவுதான். அதை வெச்சு நாங்க இங்க புதுசா கட்டிக்கறோம்."

என்னென்னவோ ரூல்கள். ஒரு அவசரத்துக்குப் போட்டது, ஒரு கோபத்துக்குப் போட்டது, ஏன் போட்டேன் என்றே மறந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 'நன்றி, தகுதி இல்லை' என்று அனுப்பு. இரவு ஷிப்டுக்குச் சம்மதம் இல்லை என்றால் பகல் பட்டியலில் போடு. ஒவ்வொன்றாகத் திறந்து எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, 'கிளீன்' என்று நான் பெயர் வைத்திருந்த ஒன்று வந்தது. திறந்து பார்த்தேன். அதையும் எழுதினேன்: 'ஒரே போன் நம்பரில் இரண்டாவது விண்ணப்பம் வந்தால் அதைத் தனி ஷீட்டில் ஒதுக்கி வை. பதில் அனுப்பாதே.'

அதை எழுதின நாள் ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு ஆள் விளையாட்டுக்கோ தெரியாமலோ திரும்பத் திரும்ப பட்டனை அமுக்கி, ஷீட் முழுக்க அவன் பெயராகவே நிறைந்துவிட்டது. மேனேஜர் சத்தம் போட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பத்து நிமிஷத்தில் அந்த ரூலைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் ஷீட் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அதை நான் திறக்கவே இல்லை.

கோயம்புத்தூர்ப் பெண் நான் அனுப்பியதை வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த இடத்தில் நின்றாள்.

"மேடம், இது சரிதானுங்களா? ஒரு வீட்ல ரெண்டு பேரு ஒரே போன்ல இருந்து அப்ளை பண்ணியிருந்தா?"

நான் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டேன்.

அந்தத் தனி ஷீட்டைத் திறந்தேன். இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. பட்டன் அமுக்கி விளையாடின ஆட்கள் ரொம்பக் குறைவு. ஒரே நம்பர், வேறு வேறு பெயர்கள். அக்கா தங்கை. மாமியார் மருமகள். புருஷன் போனிலிருந்து பெண்டாட்டி. செட்டியார்பட்டியில் ஒரு மொபைல் கடை நம்பர் இருந்தது. கடைக்காரர் ஊர்க்காரர்களுக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார், அவர் நம்பரையே போட்டு. அதில் முதலில் போட்ட ஒருத்திக்கு மட்டும் செய்தி போயிருக்கிறது. அவள் இப்போது எங்கள் மில்லில் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் போட்டவர்கள் எல்லோரும் இந்த ஷீட்டில் இருந்தார்கள்.

கூமாப்பட்டி நம்பர் ஒன்று. அதிலிருந்து முதலில் விண்ணப்பித்தவர் ஒரு ஆண். அவருக்குச் செய்தி போயிருக்கிறது, அவர் வரவில்லை. அதே நம்பரில் அவர் மனைவி. ஒரு முறை, ஏழெட்டு மாதம் விட்டு இரண்டாவது முறை, பிறகு மூன்றாவது முறை. நடுவில் அவருடைய தங்கையும் ஒரு முறை. மூன்றாவது முறை போடும்போது, 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்ற கட்டத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. பதில் மட்டும் அனுப்பவும்.'

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். குடிக்காமல் திரும்பி வந்தேன். மறுபடி எழுந்தேன். ஒருநாள் செக்யூரிட்டி என்னிடம் வந்து சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "கேட்டுல ஒரு பொம்பள நிக்கி மேடம். போன்ல போட்டாகளாம், பதிலே வரலையாம்." நான் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "திரும்பப் போடச் சொல்லுங்க" என்றேன். அது இவளாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. இதே காலத்தில்தான் நூல் சுற்றுகிற எங்கள் வைண்டிங் டிபார்ட்மெண்டில் ஆள் பற்றாமல் மிஷின்கள் நின்றன. மீட்டிங்கில் என்னைக் கேட்டார்கள். "நம்ம பக்கம் ஆளே கெடைக்கலை சார். எல்லாரும் திருப்பூர், கோயம்புத்தூர்னு போயிட்டாங்க" என்று ஷீட்டைக் காட்டிச் சொன்னவள் நான். எல்லோரும் நம்பினார்கள். ஏஜென்ட் வைத்து வெளி மாநிலத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போனில் வந்தபோது சொன்னேன். அவர் எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"மேனேஜர்ட்ட சொல்லிரு."

"சொன்னா என்ன நெனைப்பாரு?"

"நெனைக்கதை நெனைக்கட்டும். நீ சொல்லிரு."

சொல்லவில்லை. மறுநாள் இரண்டு முறை மேனேஜர் அறைக்குள் போனேன். ஒரு முறை கேன்டீன் விஷயம் பேசிவிட்டு வந்தேன். இன்னொரு முறை ஹாஸ்டல் மோட்டாரைப் பற்றி. அதற்குள் ஒரு எண்ணம் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மாதக் கடைசியில் பழைய பிளாட்ஃபார்மை மூடப் போகிறோம். மூடினால் அந்த ஷீட்டும் அதோடு போய்விடும். புதியதில் அந்த ரூல் வேண்டாம் என்று கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. நான்கு நாள் இந்த எண்ணத்தோடு திரிந்தேன். சோறு இறங்கவில்லை. மகளின் பள்ளிக்கூட டைரியில் அப்பா கையெழுத்துப் போடுகிற இடத்தில் நான் போட்டுவிட்டேன். பஸ்ஸில் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நடந்து வந்தேன்.

சனிக்கிழமை காலையில் கோயம்புத்தூர்ப் பெண், "எல்லா ரெக்கார்டும் இன்னைக்கு ஏத்திடலாங்க மேடம். ஏத்த வேண்டியது எல்லாம் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வாயிலிருந்து தானாக வந்தது. "இன்னொரு ஷீட் இருக்கு. அதையும் ஏத்திருங்க."

"எந்தப் பட்டியல்ல போடட்டுங்க?"

"புது விண்ணப்பம்னே போடுங்க. பொறவு நான் ஒவ்வொண்ணாப் பாத்துக்கிடுதேன்."

"சரிங்க. ஏத்தறதுக்கு முன்னாடி அந்த மெசேஜ் போற ரூலை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. இல்லேன்னா எல்லாருக்கும் போயிரும்."

அணைத்தேன் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அணைக்கிற பட்டனை அமுக்கியது தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு 'சேமி' என்று ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். அருவியில் நல்ல தண்ணீர் விழுந்தது. அங்கே போனில் சிக்னல் கிடையாது. ஒரு வாரத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இறங்கி டவுன் பக்கம் வந்ததும் போன் கத்த ஆரம்பித்தது. எல்லாம் டைம் ஆபீஸில் இருக்கிற பெரியவரின் மிஸ்டு கால். வருகைப் பதிவு பார்க்கிறவர். கூப்பிட்டேன்.

"மேடம், எங்க போயிட்டீய? நேத்துச் சாயங்காலத்துல இருந்து கேட்டுக்குப் போன் மேல போன் வருது. நாளைக்கு ஒம்பது மணிக்கு இண்டர்வியூவாம்ல? எம்புட்டு பேரைக் கூப்பிட்டிருக்கீய?"

பேக்கரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மகள் கையை உதறி, "அம்மா, வலிக்கு" என்றாள். அவள் கையை அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒதுக்கி வைத்திருந்த அத்தனை பேருக்கும் செய்தி போயிருந்தது. திரும்ப எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பவும் வசதி உண்டு. 'தவறுதலாக அனுப்பப்பட்டது. நேர்முகம் ரத்து' என்று அடித்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு, பத்து நிமிஷத்தில் போட்ட ரூலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வீட்டில் யாரிடமோ தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு, "ரத்துன்னு அனுப்பிரும்மா. முடிஞ்சுது" என்றார்.

"சார், இவங்களுக்கு நாம இதுவரைக்கும் ஒரு பதிலும் அனுப்புனதில்ல. மொத பதில் நேத்துதான் போயிருக்கு. அடுத்ததே வராதீங்கன்னு போகணுமா?"

"எத்தனை பேரு வருவாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது சார். வைண்டிங்ல ஆள் வேணும்ல."

"நீயே பாத்துக்க" என்றார். குரலில் கோபம் இருந்தது. "ஆபீஸ் பக்கம் கூட்டம் வரக் கூடாது."

திங்கட்கிழமை வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்துவிட்டது. வத்திராயிருப்புப் பக்கமிருந்து வந்து பஸ் மாறுகிற பெண்கள், கையில் பிளாஸ்டிக் கவருக்குள் காகிதங்களோடு. என் பக்கத்தில் நின்ற ஒருத்தி கண்டக்டரிடம் எங்கள் மில் பெயரைச் சொல்லி, "அங்க நிப்பாட்டுவீகளா?" என்று கேட்டாள். அவள் கூட வந்தவள், "செய்தி நெசமாத்தான் இருக்குமா? ரெண்டு வருசத்துக்கு முந்திப் போட்டது" என்றாள். "போய்ப் பாப்பமே" என்றாள் இவள். நான் அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

கேட்டில் சாலைவரை ஆள் நின்றது. டைம் ஆபீஸ் பெரியவர் அதற்குள் கேன்டீன் பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட வைத்திருந்தார். "ஒக்கார வெச்சிருக்கேன் மேடம். டீக்குச் சொல்லியாச்சு. பொறவு நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். அன்றைக்கு அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேனோ.

நானும் வைண்டிங் சூப்பர்வைசரம்மாவும் கேன்டீனில் இரண்டு மேசை போட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள், இருந்தாலும் வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. விண்ணப்பிக்கும்போது கல்யாணமே ஆகவில்லை என்றாள். யாரும் என்னைத் திட்டவில்லை. நேரமானதற்குக் கூட அவர்கள்தான் மன்னிப்புக் கேட்டார்கள். திட்டியிருந்தால் கொஞ்சம் நிலையாக உட்கார்ந்திருப்பேன். நான் பேனாவை எடுக்கவும் வைக்கவும், எழவும் உட்காரவுமாக இருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கூமாப்பட்டி நம்பர் வந்தது. இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு முப்பது முப்பத்திரண்டு இருக்கும். இன்னொருத்தி அவள் நாத்தனார். நாற்காலியைக் காட்டினேன். மூத்தவள் நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு நின்றாள்.

"இவளை எடுத்துக்கிடுங்க மேடம். பன்னெண்டாவது முடிச்சிருக்கா. எனக்கு வேலை வேணாம். நான் இப்பம் ஒரு துணிக்கடையில நிக்கேன்."

"பிறகு நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கேக்கத்தான் வந்தேன். லீவு சொல்லிட்டு வந்தேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் ஒண்ணும் வரல. என்ன தப்பா எழுதுனேன்? படிப்புப் பத்தலையா, வயசு கூடிருச்சா? எதுன்னு தெரிஞ்சா மனசு ஆறிரும்ல. எங்க வீட்டுக்காரவுக, ஒன்னையெல்லாம் எவன் எடுப்பான்னு கேட்டாக. நானும் அம்புட்டுத்தான் போலன்னு இருந்துட்டேன்."

சூப்பர்வைசரம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ஒரே நம்பரில் இன்னொருவர் முன்பே விண்ணப்பித்திருந்தால் அடுத்ததை ஒதுக்கிவிடும் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் செய்தது என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது. அந்த ஆசையும் வந்தது. "அப்படி ஒதுக்கச் சொல்லி எழுதினது நான்தான்" என்றேன்.

அவள் யோசித்தாள்.

"எங்க வீட்டுல அப்பம் ஒரு போனுதான் மேடம். போன் ஒண்ணுதான், ஆளு மூணு பேருல்லா?"

"ஆமா."

"அப்பம் நான் எழுதுனதை யாருமே வாசிக்கலையா?"

"வாசிக்கல."

"வாசிச்சுட்டு வேணாம்னு சொல்லல?"

"இல்ல. யாரும் பாக்கவே இல்ல."

அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியாட்டி? பாக்கவே இல்லையாம்" என்றாள். அவள் முகத்தில் வந்தது சிரிப்பா, அழுகைக்கு முந்தியதா என்று எனக்குப் பிடிபடவில்லை. சேலைத் தலைப்பால் மேலுதட்டு வேர்வையை ஒற்றிக்கொண்டாள்.

"கேட்டுல ஒரு போர்டு இருக்கே, அதை எழுதுனது யாரு மேடம்?"

"அதுவும் நான்தான்."

"நல்ல பெருசா எழுதியிருக்கீய" என்றாள். "இவளைப் பாருங்க. நான் வெளிய நிக்கேன்."

நாத்தனாரிடம் என்ன கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்பது எதுவும் நினைவில் இல்லை. சூப்பர்வைசரம்மாதான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணை வைண்டிங்கில் எடுத்துக்கொண்டோம். இப்போதும் வேலை பார்க்கிறாள், நன்றாகப் பார்க்கிறாள்.

அன்று சாயங்காலம்வரை ஆட்கள் வந்தார்கள். எல்லோரையும் எடுக்க முடியவில்லை. எடுக்காதவர்களிடம் ஏன் என்று நேராகச் சொன்னேன். அது முன்பு நான் செய்தே இராத வேலை. ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு வைண்டிங்கில் எல்லா மிஷினும் ஓட ஆள் கிடைத்தது. மேனேஜர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் எனக்கு மெமோ வந்தது. புதிய பிளாட்ஃபார்மில் மெமோ அனுப்புகிற வசதியை நான்தான் அமைத்திருந்தேன். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அதுவரை சோதித்துப் பார்க்கவில்லை. ஒழுங்காகத்தான் வேலை செய்தது. முதல் மெமோ எனக்கு.

பதில் எழுத ஒரு கட்டம் இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். மீட்டிங்கில் ஆள் இல்லை என்று சொன்னதையும் எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"இதை ஏம்மா எழுத்துல போட்ட? வாயால சொல்லியிருந்தா போதாதா?"

"வாயால சொல்ல நாலு நாள் ஆச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி போ. அந்த போர்டை எடுத்துரு" என்றார். போர்டை எடுத்தோம். செவ்வாய்க்கிழமைகளில் கேட்டிலேயே காகிதத்திலும் விண்ணப்பம் வாங்குகிறோம். போனில் போடுகிற எல்லோருக்கும், வேண்டாம் என்றாலும், ஒரு பதில் போகிறது. அந்த ரூலை எழுதியதும் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் சலித்துக்கொள்ளாமல் வாசித்தாள்.

அத்தோடு எனக்கு நிம்மதி வந்துவிட்டதா என்றால், இல்லை. புதிய பிளாட்ஃபார்மில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பச்சை டிக், சிவப்பு டிக். பச்சையைப் பார்த்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. ராத்திரி நடுவில் எழுந்து போய் ஒவ்வொரு ரூலாகத் திறந்து, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்கிறேன். அந்தத் திங்கட்கிழமை வராதவர்கள் நிறையப் பேர். சிலருக்கு நம்பர் மாறியிருக்கும், செய்தி போயே இருக்காது. சாப்பாட்டு நேரத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு நானே கூப்பிடுகிறேன். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. சில நம்பரில் வேறு யாரோ எடுத்து, ராங் நம்பர் என்று வைக்கிறார்கள். ஒருத்தி கல்யாணமாகி ராஜஸ்தானில் இருக்கிறாளாம், அவள் அண்ணன் சொன்னார்.

போன வாரம் ஒரு நம்பரில் வயதான ஆள் எடுத்தார். லோன் தருகிறவர்கள் என்று நினைத்து முதலில் எரிந்து விழுந்தார். மில் பெயரையும் அவர் மகள் பெயரையும் சொன்னேன்.

"அவ போட்டு எம்புட்டு நாளாச்சு, இப்பமா கூப்பிடுதீய?"

"ஆமாங்கய்யா. எங்க தப்புதான்."

"வைக்காதீக. தோட்டத்துல நிக்கா, கூப்பிடுதேன்" என்றவர் போனைக் கையில் வைத்தபடியே நடந்தார். செருப்புச் சத்தமும், எங்கோ பம்புசெட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் கேட்டன. அவர் மகளைக் கூப்பிட்டார், இரண்டு முறை. நான் என் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து நின்றேன். ஒரு பெண் குரல் மூச்சு வாங்க, "யாரு?" என்றது. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.